உப்பு மட்டும் ஏன் அண்டாவின் அடிக்குப் போகிறது?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "முருங்கைக்கீரை இட்லிப் பொடி போட்டு விற்கிறோம். மில்லிலேயே டிரம்மில் சுற்றிக் கலந்து, அண்டாவில் கொட்டி, லோடு ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து பாக்கெட் போடுகிறோம். முதல் பாக்கெட்டுகளில் இலையாக வருகிறது, கடைசியில் ஒரே கரிப்பு. 10 நிமிடம் சுற்றியதை அரை மணி நேரமாக்கியும் பலனில்லை."

அந்தக் கூடுதல் கரண்ட் வீண்தான். டிரம்முக்குள் ஒரு கட்டத்துக்கு மேல் கலப்பதும் பிரிவதும் சேர்ந்தே நடக்கும். உங்கள் சரக்கு அநேகமாக நன்றாகத்தான் கலந்திருக்கிறது, வழியில் பிரிகிறது.

ஆச்சி சுளகை ஆட்டி அரிசியையும் குருணையையும் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையை உங்கள் ஆட்டோ செய்கிறது. ஒவ்வொரு குலுக்கலிலும் துகள்களுக்கு நடுவே சின்னச் சந்து திறக்கும். பொடி உப்பு சிறியது, கனமானது. சட்டென்று நழுவி இறங்கிவிடும். இலைத்துண்டோ தட்டை. ஒன்றின் மேல் ஒன்று மாட்டிக்கொண்டு மேலேயே கிடக்கும்.

பருமன்தான் முதல் காரணம். ஆனால் கொட்டும்போது வடிவமும் வேலையைக் காட்டும். கடுகையும் காய்ந்த கறிவேப்பிலையையும் கலந்து ஒரு தாம்பாளத்தில் கையிலிருந்து மெல்லக் கொட்டிப் பாருங்கள். கடுகு உருண்டு ஓரத்துக்கு ஓடும், இலை விழுந்த இடத்திலேயே நிற்கும். (ஆற்று மணலைவிட, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் குவியல் செங்குத்தாக நிற்பதும் இதனால்தான். தேய்ந்து உருண்ட மணல் சரியும், கோணல்மாணலானது ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.)

சரி, என்ன செய்யலாம்? வறுத்த உளுந்தோடு உப்பையும் சேர்த்தே திரியுங்கள். கீரையைத் தனியாக நொறுக்கி, உளுந்துப் பொடியின் பருமனுக்குக் கொண்டுவாருங்கள். இந்த இரண்டிலேயே பாதிப் பிரச்சினை தீரும். துளி நல்லெண்ணெய் பிசறினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், ஆனால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும் என்பதால் எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. முடிந்தால் பாக்கெட்டை மில்லிலேயே போட்டுவிடுங்கள். முடியாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் அடிவரை ஒருமுறை கிளறிவிடுங்கள். உயரத்திலிருந்து கொட்டுவதும், அண்டாவைத் தட்டித் தட்டி அமுக்குவதும் வேண்டாம்.

எங்கே பிரிகிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமா? டிரம்மில் மூன்று இடத்தில் ஒவ்வொரு ஸ்பூன் எடுத்துத் தனித்தனித் தம்ளர் தண்ணீரில் கலக்கி ருசி பாருங்கள். வீட்டில் முதல், நடு, கடைசிப் பாக்கெட்டுகளிலும் அப்படியே. மில்லிலேயே கரிப்பு வித்தியாசப்பட்டால், டிரம்மைப் பாதிக்கு மேல் நிரப்புகிறீர்களா என்று பாருங்கள்.