வாசகர் கேள்வி – பதில்: ஆறு பிரியும் மண்ணில் வரைபடச் செருகுநிரல்

கேள்வி: நீடாமங்கலம் அருகே எங்கள் பாசன விவசாயிகள் சங்கத்துக்காக வாய்க்கால், மதகு, வடிகால் ஆகியவற்றைக் கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் வரைந்து வருகிறேன். நீரோட்டத்தைக் கணக்கிடும் செருகுநிரல் (மென்பொருளில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்) ஒன்றை நண்பர் ஜிப் கோப்பாக அனுப்பினார். என் கணினியில் நிறுவினால் ‘நோ மாட்யூல் நேம்ட்’ என்ற பிழைச்செய்தி வருகிறது. நண்பரின் கணினியில் அது ஓடினாலும், கோரையாற்றுக்கும் பாமணியாற்றுக்கும் தண்ணீரே போகாததுபோல் காட்டுகிறது. தவறு எங்கே?
– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: பிழைச்செய்தியை எளிதில் தீர்த்துவிடலாம். கியூஜிஐஎஸ் செருகுநிரல்களில் பெரும்பாலானவை பைத்தான் மொழியில் எழுதப்பட்டவை. அவற்றுக்கு வேண்டிய கூடுதல் நூலகங்கள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள், எப்போதும் ஜிப் கோப்போடு வருவதில்லை. செய்தியின் இறுதியில் இருக்கும் பெயரே விடுபட்ட நூலகத்தின் பெயர். விண்டோஸில் கியூஜிஐஎஸ் தனக்கென ஒரு பைத்தானை வைத்திருப்பதால், தாங்கள் தனியாக நிறுவிய பைத்தானில் அந்த நூலகத்தைச் சேர்த்துப் பயனில்லை. மென்பொருளோடு வரும் ஓஎஸ்ஜியோ4டபிள்யூ ஷெல் என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் கட்டளை மூலம் அங்கே நிறுவ வேண்டும். ஆனால் அந்தப் பெயர் ‘பைக்யூட்டி4’ என்றிருந்தால் எதையும் தேட வேண்டாம். அந்தச் செருகுநிரல் 2018இல் வந்த கியூஜிஐஎஸ் 3.0 பதிப்புக்கு முந்தைய காலத்தது. அதை மாற்றி எழுதாமல் தற்போதைய பதிப்பில் ஓட்ட முடியாது.

எதை நிறுவினாலும், அமைப்புகள் பட்டியலில் புதிய பயனர் சுயவிவரம் ஒன்றை உருவாக்கி, முதலில் அதில் சோதித்துப் பாருங்கள். அங்கே கோளாறு நேர்ந்தால், தாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் சுயவிவரத்தின் அமைப்புகள் குலையாமல் இருக்கும்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நீரோட்டச் செருகுநிரல்கள் பல, நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து உயரம் குறித்த தரவின் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் மிகச் சரிவான ஒன்றுக்கு மட்டுமே நீரை அனுப்பும் முறையில் கணக்கிடுகின்றன. ஓடைகள் ஒன்றுகூடி ஆறாகும் மலைச்சாரலுக்கு அது பொருந்தும். கல்லணையில் தொடங்கிப் பிரிந்துகொண்டே போகும் நம் ஆறுகளுக்கு அது பொருந்தாது. தங்கள் ஊர் மூணாறு தலைப்பு என்னும் தலைமதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என நீர் மூன்றாகப் பிரிவதை, ஒரே ஒரு திசையைத் தேர்ந்தெடுக்கும் கணக்கால் எப்படிக் காட்ட முடியும்? அங்கே எந்த ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைத் தீர்மானிப்பது ஷட்டரைத் திறக்கும் அளவே அன்றி நிலத்தின் சரிவு மட்டும் அல்ல. போதாக்குறைக்கு, இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவுகளில் சில மீட்டர் வரை பிழை இருக்கக்கூடும்; டெல்டாவின் தட்டையான வயல்வெளியில் அந்தப் பிழையே மேட்டையும் பள்ளத்தையும் இடம் மாற்றிவிடும்.

ஆகவே, உயரத் தரவை நம்பும் செருகுநிரலை விட்டு, தாங்கள் வரைந்த கோடுகளையே வலைப்பின்னலாகக் கொண்டு கணக்கிடும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்குமுன் ஒவ்வொரு கோடும் தலைப்பிலிருந்து கடைமடை நோக்கி வரையப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோட்டின் தோற்ற அமைப்பில் அம்புக்குறி சேர்த்தால், திசை மாறியவை உடனே கண்ணில் படும். ஏ வாய்க்காலிலிருந்து பி வாய்க்கால் பிரியும் இடத்தில் இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியில் தொட வேண்டும். கோட்டின் முனையை அருகிலுள்ள கோட்டோடு தானாக ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங் வசதியை இயக்காமல் வரைந்தால் திரையில் தொட்டதுபோல் தெரிந்தாலும், பெரிதாக்கிப் பார்க்கையில் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் கணக்கு நின்றுவிடும். நீளங்கள் மீட்டரில் வர, தாங்கள் வரைந்த அடுக்கை யூடிஎம் 44 வடக்கு மண்டலம் என்னும் மீட்டர் அளவிலான ஆயமுறைக்கு, அதாவது பட்டியலில் இபிஎஸ்ஜி 32644 என்ற எண்ணுள்ளதற்கு, மாற்றிச் சேமியுங்கள். திசையில் ஐயம் எழும் இடங்களில் அந்த வாய்க்காலைப் பார்க்கும் பாசன ஊழியரான லஸ்கரைக் கேளுங்கள். எந்தச் செருகுநிரலையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் சங்க அலுவலகக் கணினிக்கு இணைய இணைப்பு இல்லை. செருகுநிரல் சேர்க்க வழியுண்டா?
– ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: உண்டு. இணையம் உள்ள வேறொரு கணினியில் ஜிப் கோப்பைப் பதிவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து, செருகுநிரல் மேலாளரில் ‘ஜிப்பிலிருந்து நிறுவு’ பகுதியில் கொடுங்கள். மூலநிரல் களஞ்சியத்திலிருந்து எடுத்த ஜிப்பானால், உள்ளே இருக்கும் கோப்புறையின் பெயரோடு ‘மாஸ்டர்’ அல்லது ‘மெயின்’ என்ற ஒட்டு இருக்கலாம். அதை நீக்கி மீண்டும் ஜிப் செய்துவிட்டு நிறுவுங்கள்.