ஆறு வாரமாக எடை குறையவில்லை: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய மருத்துவருக்கு வணக்கம். எனக்கு வயது 38, உயரம் 158 செ.மீ. கும்பகோணத்தை அடுத்த ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஏழு மாதங்களுக்கு முன்பு, 112 கிலோ இருந்தபோது, ஸ்லீவ் எனப்படும், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கிச் சிறிதாக்கும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். மளமளவென்று 84 கிலோ வரை இறங்கிய எடை, கடந்த ஆறு வாரங்களாக அங்கேயே நிற்கிறது. காலையும் இரவும் எடை பார்க்கிறேன்; ஒரு நாள் 83.8 காட்டுகிறது, மறுநாள் 84.3 காட்டுகிறது. எங்கள் வீட்டில் முட்டையும் சேர்ப்பதில்லை. எழுந்ததும் தைராய்டு, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஒரு டம்ளர் காபி குடிப்பேன். பிறகு இரண்டு இட்லி. பதினொரு மணிக்கு டீயும் நான்கு மேரி பிஸ்கட்டும். மதியம் ஒரு சிறு கிண்ணம் சாம்பார் சாதம், பொரியல், கொஞ்சம் தயிர். மாலையில் காபியும் இரண்டு முறுக்கும். இரவு ஒரு தோசை. தினமும் 40 நிமிடம் நடக்கிறேன். இந்த ஆறு வாரத்தில் இரண்டு முறை ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன், ஆனால் எடை மட்டும் அசையவில்லை. "இவ்வளவு செலவு செய்தும் இவ்வளவுதானா?" என்று மாமியார் கேட்கிறார். இரைப்பை மறுபடி விரிந்துவிட்டதா? இரவுத் தோசையையும் நிறுத்திவிடட்டுமா?

பதில்: தோசையை நிறுத்த வேண்டாம், சகோதரி. எடை நின்றதும் நம்மில் பலருக்கும் முதலில் தோன்றுவது சாப்பாட்டை இன்னும் குறைப்பதுதான். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, நீங்கள் செய்யக்கூடாத ஒரே காரியம் அதுதான் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் அச்சத்தைப் பார்ப்போம். ஒரு சிறு கிண்ணம் சாதத்திலும் ஒரு தோசையிலும் வயிறு நிறைந்துவிடுகிறது என்றால், இரைப்பை விரிந்துவிட்டது என்று நினைக்க இடமில்லை. ஏழு மாதத்தில் 28 கிலோ குறைந்திருக்கிறது. அது உங்கள் பழைய எடையில் சரியாக நான்கில் ஒரு பங்கு. ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு ஓராண்டு நிறையும்போது 25 முதல் 30 சதவீத எடை குறைவதையே நல்ல பலன் என்று கொள்கிறோம். அந்த எல்லைக்குள் நீங்கள் ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டீர்கள். எடை குறைவது பொதுவாக 12 முதல் 18 மாதம் வரை தொடரும். ஆனால் முதல் அரையாண்டின் வேகம் பின்னால் இருக்காது, நடுநடுவே சில வாரங்கள் நிற்கவும் செய்யும். உங்கள் மாமியாரிடம் இந்தப் பத்தியைப் படித்துக்காட்டுங்கள். அவர் அக்கறையில்தான் கேட்கிறார் என்றாலும், அந்தக் கேள்வி உங்களை நாளுக்கு இரண்டு முறை எடைக் கருவியின் மேல் ஏற்றி நிறுத்துகிறது.

எடை ஏன் நிற்கிறது? உடல் சிறுத்தால் அதன் செலவும் சிறுக்கும். வயது, உயரம், எடை ஆகியவற்றை வைத்து நாங்கள் போடும் கணக்கின்படி, 112 கிலோவில் உங்கள் உடல் சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்குச் சுமார் 1,750 கலோரியைச் செலவழித்தது. 84 கிலோவில் அது சுமார் 1,475 ஆகிவிட்டது. அதே 40 நிமிட நடையும் இப்போது 28 கிலோ சுமையை இறக்கி வைத்துவிட்டு நடக்கும் நடை என்பதால், அதற்கான செலவும் குறைந்துவிட்டது. இதற்கு மேல் உடல் தானாகவே சிக்கனம் பிடிக்கவும் செய்கிறது. 1944-45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி உணவு கொடுத்து ஆராய்ந்தார். அவர்களுடைய எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஓய்வுநிலையில் உடல் செலவழிக்கும் சக்தியோ அதைவிடப் பெரிய அளவில் குறைந்தது. அவர்கள் பருமனானவர்கள் அல்லர், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அல்லர். ஆனாலும் பஞ்சம் வந்ததாக எண்ணி அடுப்பைத் தணித்துக்கொள்ளும் இந்தக் குணம் எல்லா உடலுக்கும் பொதுவானது. தோசையை நிறுத்தினால் அந்த அடுப்பு இன்னும் தணியும், அதோடு தசையும் கரையும். ஓய்வுநிலையிலும் சக்தியைச் செலவழிக்கும் திசுக்களில் தசைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், அதைக் காப்பாற்றுவதுதான் இப்போது உங்கள் முதல் வேலை.

அதற்கு வேண்டியது புரதம். நீங்கள் எழுதியனுப்பிய ஒரு நாள் உணவைக் கையில் பேனாவோடு கூட்டிப் பார்த்தேன். இரண்டு காபியிலும் ஒரு டீயிலும் உள்ள பாலில் ஏழெட்டு கிராம், இரண்டு இட்லியில் நான்கு, பிஸ்கட்டிலும் முறுக்கிலும் நான்கைந்து, மதியச் சாப்பாட்டில் எட்டு, தோசையில் மூன்று. எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் 30 கிராமைத் தாண்டவில்லை. உங்களுக்கு வேண்டியது நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம். அதே தாளில் கலோரியையும் கூட்டினேன். சர்க்கரை போட்ட காபி, டீ, பிஸ்கட், முறுக்கு ஆகியவை மட்டும் அன்றைய மொத்தத்தில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்கின்றன. முறுக்கு வாயில் கரைந்து, சுருங்கிய இரைப்பையில் தங்காமல் வழுக்கிப் போய்விடும். நான்கு வாய் பனீருக்கு நிறைகிற வயிறு, முறுக்கு எத்தனை உள்ளே போனாலும் போதும் என்று சொல்லாது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முட்டையும் சேர்க்காத சைவ உணவில் 65 கிராம் புரதம் எடுப்பது சிரமம்தான், ஆனால் முடியாததல்ல. காலையில் 200 மி.லி. கொழுப்பு நீக்கிய பாலில் ஒரு கரண்டி வே (பாலிலிருந்து பிரித்தெடுக்கும்) புரதப் பொடியைக் கலந்து குடித்தால், அதிலேயே ஏறத்தாழ 30 கிராம் வந்துவிடுகிறது. அந்தப் பொடியில் சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா என்று டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இட்லிக்குப் பதிலாகப் பாசிப்பயறு அரைத்து ஊற்றிய தோசை, அல்லது பருப்பு கூடுதலாகவும் அரிசி குறைவாகவும் போட்ட அடை. மதியம் முதலில் 75 கிராம் பனீர், அதாவது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு துண்டு. அதில் 13 கிராம் உண்டு. அடுத்துப் பொரியல், கெட்டிப் பருப்பு, தயிர். இடமிருந்தால் கடைசியில் இரண்டு வாய் சாதம். மாலை முறுக்கின் இடத்தில் ஒரு சிறு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் வைத்துக்கொள்ளுங்கள், அதில் எட்டு கிராம் கிடைக்கும். சாதத்தைச் சாம்பாரில் குழைத்து உண்ணும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். குழைந்த உணவு வேகமாக இறங்கி, சீக்கிரமே மறுபடி பசிக்க வைக்கும். தண்ணீரையும் மோரையும் சாப்பாட்டோடு சேர்க்காமல், அரை மணி நேரம் விட்டுக் குடியுங்கள். காபியை முழுதாக விடச் சொல்ல எனக்கு மனமில்லை. காலைக் காபியைச் சர்க்கரையில்லாமல் வைத்துக்கொண்டு மாலைக் காபியை விட்டுவிட்டாலே போதும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்தக் காலை மாத்திரைகள்தான். தைராய்டு மாத்திரையைக் கால்சியத்தோடும் இரும்புச்சத்தோடும் சேர்த்து விழுங்கினால், அவை அதைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்துவிடும். காபியும் அதன் பலனைக் குறைக்கும். எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையை மட்டும் தண்ணீரில் போட்டுக்கொள்ளுங்கள். காபிக்கு முன் முக்கால் மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியமும் இரும்பும் குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து, அவையிரண்டும்கூடத் தனித்தனி வேளைகளில். தைராய்டு சுரப்பு குறைந்தால் எடை குறைவது தடைபடும், அலுப்பும் மலச்சிக்கலும் கூடும். எனவே இந்த மாதமே டி.எஸ்.எச். என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மாத்திரை நேரத்தை மாற்றி ஆறு முதல் எட்டு வாரம் ஆனதும் மறுபடி ஒருமுறை செய்துகொள்ளுங்கள். இரத்தம் கொடுக்கும் அன்றே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. அளவை மாற்றுவதாக இருந்தால் உங்கள் மருத்துவரே மாற்ற வேண்டும்.

நடையை விடாதீர்கள், அதோடு வாரத்தில் மூன்று நாள் தசைக்கான பயிற்சியைச் சேருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைத் தோள்வரை தூக்கி இறக்குவது என்று இருபது நிமிடத்தில் தொடங்கலாம். முழங்கால் வலி இருந்தால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

கடைசியாக அந்த ரவிக்கை. எடைக் கருவி அசையாதிருந்த அதே ஆறு வாரத்தில் தையற்காரர் இரண்டு முறை பிடித்துக் கொடுத்திருக்கிறார் என்றால், கொழுப்பு குறைந்துகொண்டுதான் இருக்கிறது. உடலில் தேங்கும் நீரும் மாதவிடாய்ச் சுழற்சியும் குடலில் தங்கும் மலமும் அதை எடையில் தெரியவிடாமல் மறைக்கின்றன. 83.8-க்கும் 84.3-க்கும் உள்ள வேறுபாடு ஒரு சொம்புத் தண்ணீர்தான். வாரத்தில் ஒரு நாள் மட்டும், காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொப்புளைச் சுற்றி டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். இனி மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை கிலோ குறைந்தாலே அது நல்ல வேகம். இத்தனையும் செய்து மூன்று மாதத்தில் டேப்பிலும் மாற்றமில்லை என்றால், அறுவை சிகிச்சை செய்த குழுவைப் பார்த்து விடுங்கள்.

கேள்வி: வயது 29, ஊர் சேலம். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து 24 நாள் ஆகிறது. முதல் இரண்டு வாரத்தில் 9 கிலோ குறைந்தது. அதன் பிறகு பத்து நாளாக ஒரு கிராம்கூடக் குறையவில்லை. கஞ்சியும் பருப்புத் தண்ணீரும்தான் சாப்பிடுகிறேன். ஏதாவது தவறாகிவிட்டதா?

பதில்: தவறு எதுவும் இல்லை, தம்பி. மூன்றாவது வாரத்தில் எடை நிற்பது மிகச் சாதாரணம். உணவு திடீரென்று குறைந்ததும், கல்லீரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை உடல் முதலில் எடுத்துச் செலவழிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். அது கரையும்போது நீரும் வெளியேறுவதால், முதல் இரண்டு வார எடைக் குறைவில் நீருக்குக் கணிசமான பங்கு உண்டு. பிறகு உடல் அந்தச் சேமிப்பையும் நீரையும் ஓரளவு திரும்ப நிரப்பிக்கொள்ளும் நாட்களில், உள்ளே கொழுப்பு கரைந்தாலும் எடை நின்றதுபோலத் தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக இறங்கத் தொடங்கும். கஞ்சியில் மட்டும் இருக்காமல், உங்கள் குழு அனுமதித்த புரதப் பானத்தை நாள் முழுவதும் சிறு சிறு மடக்காகக் குடியுங்கள். வாந்தி நிற்காமல் இருந்தாலோ, காய்ச்சலோ வயிற்றுவலியோ படபடப்போ இருந்தாலோ, எடையை மறந்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: சென்னையில் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் இரவுப் பணியில் இருக்கிறேன், வயது 46. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பைபாஸ் முறையில், அதாவது இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலின் ஒரு பகுதியை விலக்கி இணைக்கும் முறையில், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 128 கிலோவிலிருந்து ஒன்றரை ஆண்டில் 86-க்கு வந்தேன். அப்படியே நின்ற எடை மெல்ல ஏறி இப்போது 97 ஆகிவிட்டது. நின்றுபோன சர்க்கரை நோய் மாத்திரையான கிளிமிபிரைடும் மறுபடி தொடங்கிவிட்டது. இன்னொரு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், ஐயா. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்றில், பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுக்குள் சராசரியாக 32 சதவீத எடை குறைந்தது. பத்தாண்டு முடிவில் அது 25 சதவீதமாக நின்றது. உங்கள் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான்: அப்போது 33, இப்போது 24. ஆகவே உங்கள் சிகிச்சை தோற்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பத்தாண்டில் ஏற வேண்டியது இரண்டரை ஆண்டில் ஏறியிருப்பதால், இதைச் சும்மா விடவும் கூடாது.

கிளிமிபிரைடு இன்சுலின் சுரப்பைத் தூண்டி எடையை ஏற்றக்கூடிய மருந்து. எடையை ஏற்றாத, சிலவேளைகளில் குறைக்கவும் செய்கிற வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றுக்கு மாற முடியுமா என்று உங்கள் சர்க்கரை நோய் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மன அழுத்தத்துக்கோ தூக்கத்துக்கோ மாத்திரையோ, ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டோ எடுத்துக்கொண்டால் அதையும் சொல்லுங்கள். இரவுப் பணியில் விடியற்காலை மூன்று மணிக்குக் கை தானாக எதை எடுக்கிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். மிக்ஸர் பொட்டலமும் சர்க்கரை போட்ட டீயும் அந்தத் தாளில் இருக்கும் என்றே நினைக்கிறேன். மது அருந்துபவராக இருந்தால் அதை மறைக்காதீர்கள்: பைபாஸுக்குப் பின் மது இரத்தத்தில் வேகமாக ஏறும், அதற்கு அடிமையாகும் அபாயமும் கூடும்.

முன்பைவிட அதிகம் சாப்பிட முடிகிறது, சாப்பிட்டும் நிறைவே இல்லை என்றால், இரைப்பைப் பையும் அதன் வாயும் விரிந்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோப்பி மூலம் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த படி பசியைக் குறைக்கும் ஊசி மருந்து. லண்டனில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்றில், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் போதிய அளவு எடை குறையாத 70 பேரில் ஒரு பாதியினருக்கு லிராகுளுடைட் ஊசியும் மறுபாதியினருக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டார்கள்; இரு பிரிவினருக்குமே உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களுக்கு 8.8 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு அரை சதவீதம்தான். இதே போன்ற செமாகுளுடைட், டிர்செபடைட் ஆகிய ஊசிகளும் இப்போது இந்தியாவில் கிடைக்கின்றன. நண்பர் போட்டுக்கொள்கிறார் என்று கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக்கூடியவை அல்ல இவை. கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். இரண்டாவது அறுவை சிகிச்சையில் தையல் இடத்தில் கசிவு போன்ற சிக்கல்கள் முதல் முறையைவிட அதிகம் என்பதால், அதை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வைப்போம்.

பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை எப்போதோ நிறுத்தியிருந்தால் இன்றே மறுபடி தொடங்கிவிட்டு, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நான்கு ஆண்டுக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் அறுவை சிகிச்சைக் குறிப்பையும் தேடி எடுத்துச் செல்லுங்கள். எந்த வகை பைபாஸ், குடலில் எவ்வளவு நீளம் விலக்கப்பட்டது என்பது அந்தத் தாளில்தான் இருக்கும்.