ஐரிஷ் ஸ்கூல்ல நோட்டே எழுத மாட்டேங்குறாங்களே, பொண்ணு பின்தங்கிடுவாளான்னு கேட்ட தங்கச்சிக்கு

ஆகஸ்ட் கடைசில டப்ளின் வந்தோம், பொண்ணுக்கு 6 வயசு, கோயம்புத்தூர்ல யூகேஜி முடிச்சவ, இங்க சீனியர் இன்ஃபன்ட்ஸ்ல போட்டுட்டாங்க, ஆறு வாரமாச்சு நோட்டுல முழுசா ஒரு பக்கம் எழுதல, கையெல்லாம் பெயின்ட்டும் களிமண்ணுமா வர்றா, 1:30க்கெல்லாம் வீடு, இப்படியே போனா படிப்பு என்னாகும் அக்கான்னு கேட்டிருந்தீங்க. ஏழு வருஷம் முன்னாடி நான் இதே மாதிரிதான் ராத்திரி தூக்கமில்லாம கிடந்தேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல அந்த க்ளாஸ் விஷயம். உங்க பொண்ணை யாரும் கீழ எறக்கிப் போடலம்மா. இங்க 4, 5 வயசுல ஜூனியர் இன்ஃபன்ட்ஸ், அடுத்து சீனியர் இன்ஃபன்ட்ஸ், அப்புறம்தான் ஃபர்ஸ்ட் க்ளாஸ்ல இருந்து சிக்ஸ்த் க்ளாஸ், ஆக மொத்தம் 8 வருஷம். கூடப் படிக்கிற பிள்ளைங்க வயசை விசாரிச்சுப் பாருங்க, பாதிப் பேருக்கு மேல உங்க பொண்ணு வயசுதான் இருக்கும். இன்ஃபன்ட்ஸை மட்டும் மத்த க்ளாஸைவிட ஒரு மணி நேரம் முன்னாடி விட்டுடுவாங்க, அடுத்த வருஷம் 2:30 ஆகிடும்.

அந்தக் களிமண்ணு சமாச்சாரம் சும்மா பொழுதுபோக்குன்னு நினைக்காதீங்க. ஆஷ்டர்னு சொல்வாங்க, ஐரிஷ் பாஷைல பயணம்னு அர்த்தம், 2009ல வந்த பாடத்திட்டம், 6 வயசு வரைக்கும் விளையாட்டு வழியா சொல்லித்தர்றது. க்ளாஸ்ல ஒரு மூலையை ஆஸ்பத்திரியாவோ போஸ்ட் ஆபீஸாவோ மாத்திடுவாங்க, ஒரு பிள்ளை டாக்டர், ஒண்ணு நோயாளி, ஒண்ணு ரிசப்ஷன்ல உக்காந்து பேர் எழுதும். அந்தப் பேர் எழுதுறதுதான் அன்னைக்கு எழுத்துப் பயிற்சி, வரிசைல யார் மொதல்ல யார் ரெண்டாவதுன்றதுதான் கணக்கு. ஊர்ல நாம ஏ ஃபார் ஆப்பிள்னு பெரிய எழுத்துல ஆரம்பிச்சிருப்போம், இங்க எழுத்தோட பேரைவிட சத்தம்தான் முக்கியம், அதுவும் சின்ன எழுத்துல, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பாட்டு, கையால ஒரு சைகை. உங்க பொண்ணு கையைப் பாம்பு மாதிரி நெளிச்சு ஸ்ஸ்னு பண்ணிட்டு இருந்தா அது வாசிக்கத்தான் படிக்குது, திட்டிடாதீங்க.

நான் பண்ணின தப்பைச் சொல்றேன். பையன் 5 வயசுல இங்க சேர்ந்தப்ப பயந்துபோய் ஊர்ல இருந்து கர்சிவ் ரைட்டிங் புக், கூட்டல் கழித்தல் புக்னு அம்மாகிட்ட சொல்லி பார்சல்ல வரவழைச்சேன், தினமும் சாயங்காலம் நாலு பக்கம் எழுதினாத்தான் டிவி. நவம்பர்ல பேரன்ட் டீச்சர் மீட்டிங் வந்துச்சு, ஒரு ஆளுக்கு பத்து நிமிஷம்தான், நான் கேள்வியெல்லாம் பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போனேன், எப்ப வாய்ப்பாடு, எப்ப டிக்டேஷன், ஹோம்வொர்க் ஏன் இவ்ளோ கம்மின்னு. அந்த டீச்சர் அந்தப் பக்கமே வரல. யார்டுல, அதான் ஸ்கூல் மைதானத்துல, அவன் தினமும் செவுத்து ஓரமா தனியா நிக்கிறான், வாட்டர் பாட்டில் திறக்க வரலன்னாக்கூட ஹெல்ப் கேக்க மாட்டேங்குறான், வீட்ல யாரோட விளையாடுவான்னு கேட்டாங்க. எனக்கு வாயே வரல. சாயங்காலம் அவன் யாரோடயும் விளையாடல, நாலு பக்கம் எழுதிட்டு இருந்தான். வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல நின்னு அழுதேன். அன்னைக்கே அந்த புக்கையெல்லாம் பீரோ மேல தூக்கி வச்சேன்.

அதனால நீங்க எத்தனை பக்கம் எழுதினான்னு கேக்குறதை விட்டுட்டு, இன்னைக்கு யார்டுல யாரோட விளையாடினேன்னு கேளுங்க. கொட்டுற மழைன்னாத்தான் உள்ள உக்கார வைப்பாங்க, தூறலுக்கெல்லாம் வெளியதான். கூட்டிட்டு வரப் போறப்ப கேட்ல ஒதுங்கி நிக்காதீங்க, பக்கத்துல நிக்கிற அம்மாகிட்ட மழையைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க, இங்க பேச்சு அதுலதான் தொடங்கும், அப்புறம் க்ளாஸ் வாட்ஸ்அப் க்ரூப், அப்புறம் பர்த்டே பார்ட்டி. பல பார்ட்டிக்கு மொத்த க்ளாஸையும் கூப்பிடுவாங்க, கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க, கார்டுல பத்து யூரோ வச்சுக் கொடுத்தா போதும், பெரிய கிஃப்ட்டெல்லாம் வேணாம்.

பேச்சுலயும் கொஞ்சம் பழகணும். பையன் ஒரு நாள் வந்து டீச்சர் கேவ் அவுட் டு மீன்னான், ஏதோ பரிசு கொடுத்திருக்காங்கன்னு நான் சந்தோஷப்பட்டேன், அவன் முகம் வாடியிருந்துச்சு. இங்க அதுக்குத் திட்டினாங்கன்னு அர்த்தம். நோட்டுக்கு காப்பி, ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு ரன்னர்ஸ், அலமாரிக்கு ப்ரெஸ், ஷார்ப்னருக்கு டாப்பர். இதை முன்னாடியே சொல்லிக் கொடுத்துடுங்க, டீச்சர் ப்ரெஸ்ல இருந்து எடுத்துட்டு வான்னா பிள்ளை முழிக்காம இருக்கும்.

ஐரிஷ் பாடம் எதுக்கு, விலக்கு கேக்கலாமான்னு நிறைய பேர் என்கிட்ட கேப்பாங்க. வெளிநாட்டுல படிச்சுட்டு வர்ற பிள்ளைங்கள்ல 12 வயசோ அதுக்கு மேலயோ ஆனவங்களுக்குத்தான் அந்த வழி, 6 வயசுக்குக் கிடையாது. எனக்குக் கிடைச்சாலும் வாங்க மாட்டேன்னுதான் சொல்வேன். ஏன்னா டப்ளின்ல கிட்டத்தட்ட எல்லா ஐரிஷ் பிள்ளைங்க வீட்லயும் இங்கிலீஷ்தான், ஐரிஷ்ல எல்லாரும் ஸ்கூல்ல வந்துதான் ஆரம்பிக்கிறாங்க, நம்ம பிள்ளை மத்தவங்களோட ஒரே கோட்டுல நிக்கிற பாடம் அது ஒண்ணுதான். ஏற்கனவே ரெண்டு பாஷை தெரிஞ்ச பிள்ளைக்கு மூணாவது டக்குனு ஒட்டும். எங்க பையன் வீட்லயே பாத்ரூம் போக அன் வில் க்யாட் அகம் டுல் கோ டீ அன் லெஹ்ரஸ்னு கேட்டுட்டுத்தான் போவான், போகட்டுமான்னு அனுமதி கேக்குறது, இந்த நாட்டுல படிச்ச எந்தப் பெரியவரைக் கேட்டாலும் மறக்காம சொல்ற ஒரு வரி. மார்ச்ல ஐரிஷ் வாரம்னு 1ஆம் தேதில இருந்து 17 வரை கொண்டாடுவாங்க, செயின்ட் பேட்ரிக்ஸ் டே வரைக்கும், அப்ப பாருங்க எவ்ளோ பேசுறான்னு.

அந்தச் செவுத்து ஓரத்துல இருந்து பையனை மைதானத்துக்கு நடுவுல கொண்டுவந்தது ஹர்லிங்ங்கிற ஐரிஷ் ஆட்டம்தான். வளைஞ்ச மட்டை, ஆஷ் மரத்துல செய்றது, ஸ்லிட்டர்னு ஒரு சின்ன கெட்டிப் பந்து, மூஞ்சிக்குக் கம்பி வச்ச ஹெல்மெட். பாத்ததும் எனக்கு ஈரக்குலை நடுங்குச்சு, வேணாம்னுதான் சொன்னேன். ஆனா ஸ்கூல்லயே கோச் வந்து சொல்லித்தர்றாங்க, பக்கத்து ஜிஏஏ கிளப்ல (ஐரிஷ் ஆட்டங்களை நடத்துற சங்கம்) சின்னப் பிள்ளைங்களுக்கு சனிக்கிழமை காலைல நர்சரின்னு நடத்துறாங்க, கோச் பண்றவங்க எல்லாம் அப்பா அம்மாக்கள்தான், காசு வாங்காம வர்றாங்க. ஊர்ல கிரிக்கெட் ஆடின கை, மட்டையைப் பிடிச்சதும் பந்து பறந்துச்சு. அன்னைக்கு மூணு பசங்க அவன் பேரைச் சொல்லிக் கத்தினதைக் கேட்டப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. பொண்ணுங்களுக்கு இதே ஆட்டம் கமோகின்னு பேர், உங்க பொண்ணையும் சேத்து விடுங்க, நல்லா இருப்பா.

இன்னும் ரெண்டு வாரத்துல ஹாலோவீன், வேஷம் போட்டு அனுப்பணும், பழைய பாவாடையும் கொஞ்சம் மையும் போதும், காசு செலவழிக்காதீங்க. அப்புறம் ஒரு வாரம் மிட்டேர்ம் லீவு. டிசம்பர்ல மேடை நிகழ்ச்சி. பிப்ரவரி 1 செயின்ட் பிரிஜிட்ஸ் டே, கோரைப் புல்லுல சிலுவை பின்னுவாங்க, எங்க பொண்ணு பின்னிக் கொண்டுவந்ததை வீடியோ கால்ல பாத்துட்டு எங்கம்மா இது நாங்க ஓலையில கிளி பின்னுற மாதிரில்ல இருக்குன்னாங்க. ஜூன்ல ஸ்போர்ட்ஸ் டே, ஸ்கூல் டூர், அத்தோட ஜூலை ஆகஸ்ட் லீவு.

மதம் பத்தி நீங்க கேக்கல, ஆனா தெரிஞ்சு வச்சுக்கணும். இங்க பத்துல கிட்டத்தட்ட ஒம்பது ப்ரைமரி ஸ்கூல் கத்தோலிக்க ஸ்கூல்தான். மதப் பாடம் வேணாம்னா லெட்டர் கொடுத்தா அந்த வகுப்புல இருந்து விலக்குவாங்க, ஆனா வேற ரூம் இருக்காது, பல ஸ்கூல்ல அதே க்ளாஸ்ல பின்னாடி உக்காந்து படம் வரையணும். செகண்ட் க்ளாஸ்தான் கஷ்டம், மே மாசம் ஃபர்ஸ்ட் கம்யூனியன், கத்தோலிக்கப் பிள்ளைங்க மொத தடவை நற்கருணை வாங்குற சடங்கு, வருஷம் முழுக்க அதுக்குத் தயாராவாங்க, வெள்ளை கவுன் பத்தியே பேச்சு. எங்க பொண்ணு இப்ப அந்த வருஷத்துலதான் இருக்கா, எனக்கு மட்டும் ஏன் இல்லைன்னு கேட்டா, பதில் சொல்ல நெஞ்சு அடைக்குது. எஜுகேட் டுகெதர்னு எந்த மதத்தையும் சேராத ஸ்கூல் இருக்கு, அங்க இது ஸ்கூல் நேரத்துல கிடையாது, எல்லா மதமும் சேத்துச் சொல்லித்தருவாங்க. உங்க ஏரியால இருந்தா இப்பவே பேர் கொடுத்து வைங்க, பாதி வழில சீட் கிடைக்கிறது லேசு இல்ல.

கணக்கு மெதுவாத்தான் போகும், அதை மறைக்கல, பெருக்கல் முறையா தேர்ட் க்ளாஸ்லதான். வீட்ல பத்து நிமிஷம் வாய்ப்பாடு சொல்லுங்க, தப்பில்ல. ஆனா மிச்ச நேரத்துக்குத் தமிழ் வாசிக்க வைங்க, அதை இந்த ஸ்கூல் பாத்துக்காது, நாமதான் பாக்கணும். இன்னொண்ணு, ஊருக்குப் போற டிக்கெட்டை லீவுக்குள்ளயே போடுங்க. வருஷத்துல 20 நாள் வராம போனா ஸ்கூல் டுஸ்லாங்கிற அரசு குழந்தைகள் நல அமைப்புக்குச் சொல்லியே ஆகணும், டிக்கெட் விலை பாத்து ஜனவரி வரைக்கும் தங்குனவங்க லெட்டர் வந்து பதறினதைப் பாத்திருக்கேன்.

ஜாக்கெட், ஸ்வெட்டர், டிஃபன் பாக்ஸ் எல்லாத்துலயும் பேர் எழுதி ஒட்டிடுங்க, முப்பது பிள்ளைங்களுக்கும் ஒரே நேவி கலர்தான். எங்க பொண்ணோட ரெயின் சூட் 6 வயசு சைஸ் நல்லா இருக்கு, வெலிங்டன் பூட்ஸும் இருக்கு. டப்ளின்ல ப்ளான்சர்ட்ஸ்டவுன் பக்கம்னா சொல்லுங்க, சனிக்கிழமை நர்சரிக்கு வரும்போது எடுத்துட்டு வர்றேன்.