நாட்டுக்கோழி எச்சத்தில் அரிசி போன்ற வெண்துணுக்குகள்: எந்தப் புழு, எந்த மருந்து?

கேள்வி: மணப்பாறைக்கு அருகே வீட்டுப் புறக்கடையில் தாய்க்கோழிகளும் வளரும் குஞ்சுகளுமாக நாற்பது நாட்டுக்கோழிகள் வைத்திருக்கிறேன். பகலில் மேய விட்டு, இரவில் கொட்டகையில் அடைப்பது வழக்கம். சில வாரங்களாகக் கோழிகள் இளைத்துவிட்டன, முட்டையும் குறைந்துவிட்டது. கடையில் கொடுத்த பைப்பரசின் மருந்தைக் குடிநீரில் கலந்து இரண்டு முறை வைத்தேன். முதல் முறை நீளமான வெள்ளைப் புழுக்கள் விழுந்தன. ஆனால் எச்சத்தின் மேல் அரிசி போன்ற வெள்ளைத் துணுக்குகள் இன்னமும் நெளிகின்றன. வேறு என்ன மருந்து கொடுக்கலாம்? முட்டையிடும் கோழிக்கு மருந்து கொடுத்தால் அந்த முட்டையைச் சாப்பிடலாமா? கோழிக்கழிச்சல் (இராணிக்கெட்) நோய்த் தடுப்பூசியை எப்போது போடுவது?

பதில்: தங்கள் கோழிகளின் குடலில் இரண்டு வகைப் புழுக்கள் இருக்கின்றன. தாங்கள் கொடுத்த மருந்து அவற்றில் ஒன்றை மட்டுமே நீக்கக்கூடியது. முதல் முறை விழுந்த நீளப் புழு, இரு முனையும் கூர்ந்து, இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை வளரும் உருண்டைப் புழுவாகும். பைப்பரசின் அந்தப் புழுவை மரத்துப்போகச் செய்து எச்சத்தோடு வெளியேற்றிவிடும். அரிசி போல் நெளிபவை முழுப் புழுக்கள் அல்ல. முட்டை நிறைந்து முற்றிய நாடாப் புழுவின் கணுக்கள் அவை. நாடாப் புழுவின் மீது பைப்பரசினுக்கு எந்த வேலையும் இல்லை என்பதால், அந்த மருந்தை மூன்றாம் முறை வைத்தாலும் இந்தத் துணுக்குகள் நிற்கப் போவதில்லை.

மருந்து வாங்குவதற்கு முன், நான்கைந்து கோழிகளின் அன்றைய காலை எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்து அரசு கால்நடை மருந்தகத்திலோ மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கறிக்காக ஒரு கோழியை அறுக்கும்போது, குடலைத் தூக்கி எறியாமல் நீளவாக்கில் கத்தரியால் பிளந்து, தண்ணீர் நிறைந்த தட்டில் அலசிப் பார்த்தால் ஆய்வகத்திற்கு ஈடான தகவல் கிடைக்கும். உருண்டைப் புழு சிறுகுடலின் உள்ளே தனியே கிடக்கும். நாடாப் புழு தலையைக் குடற்சுவரில் பதித்துக்கொண்டு, இழுத்தால் அறுந்து வரும். குடலின் வெளிப்புறத்தில் கடுகளவு முடிச்சுகள் தெரிந்தால் அதுவும் ஒருவகை நாடாப் புழுவின் வேலையாக இருக்கலாம். பார்ப்பதற்குக் காசநோய்க் கட்டி போல் இருப்பதால் பலர் பயந்துவிடுகிறார்கள். குடலின் கடைசியில் உள்ள இரண்டு பைகளில் ஏறக்குறைய அரை அங்குலமே உள்ள மெல்லிய புழுக்களும் இருக்கலாம். அவை கோழிக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை, ஆனால் வான்கோழிகளைக் கொல்லும் கருந்தலை நோய்க்கிருமியைச் சுமப்பவை என்பதால், கோழி மேய்ந்த இடத்தில் வான்கோழி வளர்க்கும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள்.

இரு வகைப் புழுக்களுக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடியது அல்பெண்டசோல். உருண்டைப் புழுவுக்குக் கோழியின் ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் போதும். நாடாப் புழுவும் இருப்பதால் தங்கள் கோழிகளுக்கு 20 மில்லிகிராம் தேவைப்படும். கடையில் கிடைக்கும் 2.5 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் மருந்து இருக்கும். அந்தக் கணக்கில் ஒன்றரைக் கிலோ பெட்டைக்கு 1.2 மில்லியும், அரைக் கிலோ குஞ்சுக்கு 0.4 மில்லியும் வரும். புட்டியில் உள்ள சதவீதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, கோழிகளில் சிலவற்றையாவது தராசில் நிறுத்து, மருத்துவரிடம் காட்டி அளவை உறுதிசெய்துகொண்ட பின்னரே கொடுங்கள். இந்த மருந்து தண்ணீரில் கரையாது. குடிநீரில் கலந்தால் அடியில் தங்கிவிடும். மேலும், நோயுற்று ஒதுங்கி நிற்கும் கோழிதான் குறைவாகக் குடிக்கும், மருந்து அதிகம் தேவைப்படுவதும் அதற்குத்தான். ஆகையால் நாற்பது கோழிகளுக்கு ஒவ்வொன்றாக வாயில் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

விடியற்காலையில், கொட்டகையைத் திறப்பதற்கு முன், இரைப்பை காலியாக இருக்கும்போது கொடுங்கள். ஊசி நீக்கிய சிரிஞ்சில் மருந்தை எடுத்து, ஒவ்வொரு முறையும் புட்டியை நன்றாகக் குலுக்கி, அலகின் ஓரமாக நாக்கின் மேல் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் மூச்சுக்குழலின் வாய் திறந்திருப்பதால், தொண்டைக்குள் ஒரேயடியாகப் பீச்சினால் மருந்து நுரையீரலுக்குப் போய், கோழி அங்கேயே திணறிச் சாகும். இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கும் கோழிகளுக்கு இம்மருந்தைத் தள்ளிப் போடுங்கள். முளைக்கும் இறகு கோணலாகலாம். வீட்டில் புறா இருந்தால் அதற்கு இதைக் கொடுக்கவே கூடாது. புறாவுக்கு இது நஞ்சாகலாம். நாடாப் புழு மட்டும் பிடிவாதமாக இருந்தால், கிலோவுக்கு 10 மில்லிகிராம் பிராசிகுவாண்டல் கொடுக்கலாம், அதையும் மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

வேப்பிலை, குப்பைமேனி, பாகற்காய்ச் சாறு ஆகியவற்றைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கோழி நலமாக இருக்கும் காலத்தில் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மார்பெலும்பு கத்தி முனை போல் கையில் குத்தும் அளவுக்கு இளைத்துவிட்ட கோழிக்கு அவற்றை நம்பி நாளைக் கடத்துவது சரியல்ல.

மருந்து கொடுத்த இரண்டு நாள்களுக்குக் கோழிகளை மேய விடாமல் கொட்டகையிலேயே வைத்து, விழும் எச்சத்தையும் புழுக்களையும் கூட்டி அள்ளி, திறந்த குப்பைக் குழியில் கொட்டாமல் மண்ணில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். உருண்டைப் புழுவின் இளம்பருவம் குடற்சுவருக்குள் புகுந்து மருந்துக்குத் தப்பிவிடக்கூடும். அது வளர்ந்து முட்டையிடுவதற்குள் மூன்று வாரம் கழித்து இரண்டாம் முறை மருந்து கொடுக்க வேண்டும். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குஞ்சுகளே இப்புழுவால் அதிகம் வாடும் என்பதால், அவற்றை விட்டுவிடாதீர்கள்.

அதன் பிறகு துணுக்குகள் மீண்டும் தென்பட்டால், எப்போது தென்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். ஒரு வாரத்திற்குள் வந்தால், புழுவின் தலை குடலில் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, அதாவது மருந்தின் அளவு போதவில்லை. மூன்று நான்கு வாரம் கழித்து வந்தால், மருந்து வேலை செய்திருக்கிறது, கோழி புதிதாகத் தொற்று வாங்கியிருக்கிறது என்று பொருள். நாடாப் புழு ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாகத் தொற்றாது. எச்சத்தில் உள்ள கணுக்களைத் தின்ற எறும்பு, சாணி வண்டு, ஈ இவற்றைக் கோழி கொத்தித் தின்னும்போதே அதன் வயிற்றுக்குள் போகிறது. கொட்டகைக்குப் பக்கத்திலேயே குப்பைக் குழியோ மாட்டுத் தொழுவமோ இருந்தால், கோழி நாள்தோறும் அங்கேயே சீய்த்துக்கொண்டிருக்கும். அந்தக் குழியைச் சுற்றி வலை கட்டித் தடுப்பது, அடுத்த மருந்துப் புட்டியைவிடப் பயன் தரும்.

உருண்டைப் புழுவின் கதை வேறு. அதன் முட்டை ஈரமான நிழல் தரையில் இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்து, மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். சுண்ணாம்புத் தூள் தரையை உலர்த்தும். அது அந்த முட்டையைக் கொன்றுவிடும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். வெயிலும் உலர்ச்சியுமே அதற்குப் பகை. கொட்டகைத் தரையில் ஆழ்கூளம் (உமி, மரத்தூள் போன்றவற்றின் கனத்த படுக்கை) போட்டிருந்தால் தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தை உடனுக்குடன் மாற்றுங்கள்.

முட்டை, இறைச்சி பற்றிய கேள்விக்கு, மருந்துப் புட்டியில் கோழிக்கென விலக்கு நாள் (முட்டையையும் கறியையும் உண்ணாமல் தவிர்க்க வேண்டிய நாள்கள்) அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டால், கடைசியாக மருந்து கொடுத்த நாளிலிருந்து முட்டைக்கு இரண்டு வாரமும் கறிக்கு நான்கு வாரமும் விலக்கு வைப்பது என் பரிந்துரை. அந்த நாள்களில் விழும் முட்டையைச் சாப்பிடவோ விற்கவோ அடை வைக்கவோ வேண்டாம்.

கழிச்சல் தடுப்பூசியைக் குடற்புழு நீக்கம் செய்து ஒரு வாரம் கழித்துப் போடுவது நல்லது. புழுவால் நலிந்த கோழியின் உடலில் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. குஞ்சுகளுக்கு எட்டாவது வாரத்தில் ஊசி என்றால் ஏழாவது வாரத்தில் புழு மருந்து. கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு, சனவரிக் கடைசி வாரத்தில் மருந்து கொடுத்துத் தயாராகலாம். அதன் பின் மூன்று மாதத்திற்கு ஒரு முறை, குறிப்பாக ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு முறை தவறாமல் கொடுங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கோழிகள் அடுத்தடுத்துச் சாகத் தொடங்கினாலோ, குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தெரிந்தாலோ, அது புழுவால் வந்தது என்று எண்ணிப் புழு மருந்தில் நேரத்தைக் கழிக்காமல், இறந்த கோழி ஒன்றை எடுத்துக்கொண்டு அன்றே கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.