பழைய டெஸ்க்டாப்புக்குப் பொருந்தும் ரேமை எப்படிக் கண்டுபிடிப்பது?

ரேம் என்பது கணினி அந்த நேரத்தில் செய்துகொண்டிருக்கும் வேலைகளைப் பரப்பி வைக்கும் மேசை. மேசை சிறியதாக இருந்தால் ஒன்றை எடுக்க இன்னொன்றை அலமாரியில் வைக்க வேண்டும். பழைய கணினி திணறுவது பெரும்பாலும் இதனால்தான்.

சரி, கிடைக்கும் ரேமை வாங்கிப் போட்டுவிடலாமா? முடியாது. ரேமின் தலைமுறைகளை டிடிஆர் என்ற பெயரோடு ஓர் எண் சேர்த்துச் சொல்வார்கள்; டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2 என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் மின்னழுத்தமே வேறு. தவறானதைச் செருகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கீழ் விளிம்பில் இருக்கும் சிறிய வெட்டு தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறுகிறது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டிலும் 240 பின்கள்தான் (விளிம்பில் வரிசையாக இருக்கும் உலோகத் தொடர்புகள்); பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். உட்கார மறுத்தால் அழுத்தாதீர்கள்!

நம்பகமான வழி, கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றி லேபிளைப் படிப்பது. ‘பிசி3-10600’ என்று இருந்தால் அது 1333 வேகத்தில் ஓடும் டிடிஆர்3. அப்புறம் மதர்போர்டின், அதாவது ரேம் செருகப்பட்டிருக்கும் பெரிய பலகையின், மாடல் எண்ணை வைத்து, மொத்தம் எத்தனை ஜிபி, ஒரு ஸ்லாட்டுக்கு எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை. சர்வரிலிருந்து கழற்றிய மலிவு ரேம் பக்கமே போகாதீர்கள், சாதாரண டெஸ்க்டாப்பில் அது பெரும்பாலும் இயங்காது.

வேகமான ரேமைச் சேர்த்தால் பழையதும் வேகமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1333 உடன் 1600-ஐச் சேர்த்தால் இரண்டுமே 1333-இல்தான் ஓடும்.