இரவு பத்து மணிக்கு மேல் வரும் பசி: வாசகியர் கேள்விகளுக்கு உளவியல் ஆலோசகர் பதில்

வயது 23. பெண்கள் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறேன். காலையில் காபி மட்டும், மதியம் நான்கு ஸ்பூன் தயிர்சாதம் என்று கட்டுப்பாடாக இருப்பேன். இரவு அறைத்தோழி தூங்கியதும் போர்வைக்குள் வைத்து, சத்தம் வராமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பேன். அது முடிந்ததும் ரொட்டி, மிக்சர், ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு. வயிறு வலித்தாலும் கை நிற்பதில்லை. காலையில் காலி கவர்களை மடித்துக் கைப்பையில் எடுத்துப்போய் பஸ் நிறுத்தக் குப்பைத்தொட்டியில் போடுகிறேன். எனக்கு ஏன் மனக்கட்டுப்பாடே இல்லை?

நான்கு ஸ்பூன் தயிர்சாதத்தோடு நாள் முழுக்க வேலை பார்க்கிறவரைப் பார்த்து மனக்கட்டுப்பாடு இல்லை என்று எப்படிச் சொல்வது? அது உங்களிடம் அளவுக்கு மேலேயே இருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்திருந்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, தாமாக ஆய்வுக்கு வந்தவர்கள் அவர்கள். மன உறுதிக்குக் குறைவில்லை. ஆனாலும் நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பிலேயே கிடந்தார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். வழக்கமான உணவு திரும்பிய பிறகும், வயிறு முட்டத் தின்றும் பசி தீரவில்லை என்றவர்கள் உண்டு. பட்டினி போட்ட உடம்பு கணக்கைத் தீர்க்காமல் விடுவதில்லை. உங்களுக்கு அந்தக் கணக்கு இரவு பத்து மணிக்குத் தீர்க்கப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு. முதல் பிஸ்கட் உள்ளே போனதும், ‘இன்றைய டயட் கெட்டுவிட்டது, இனி எவ்வளவு தின்றால் என்ன’ என்று ஒரு குரல் கேட்கும். உண்மையில் இரண்டு பிஸ்கட்டால் எதுவும் கெடுவதில்லை. மீதிப் பாக்கெட்டைக் காலி செய்ய வைப்பது அந்தக் குரல்தான். அலுவலகத்தில் வாங்கிய திட்டு, விடுதி அறையின் தனிமை எல்லாம் அந்தப் பத்து நிமிடம் மரத்துப்போகும். பிறகு அழுகை வரும். ‘நாளை சாப்பிடவே மாட்டேன்’ என்ற சபதம் வரும். அந்தச் சபதம்தான் நாளை இரவுக்கான முன்பதிவு.

இதற்கு ‘பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்’ என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் இதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியது. வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்து, நிறுத்த முடியாமல் இப்படி உண்பதும், ஒளிந்து உண்பதும், உண்டபின் தன்னையே வெறுப்பதும் அதன் அடையாளங்கள். ஆலோசகரை நேரில் பாருங்கள். சந்திப்புக்குக் காத்திருக்கும் நாள்களிலேயே ஒன்றைத் தொடங்கலாம்: பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிடுங்கள். நோட்டில் கலோரியை எழுத வேண்டாம். எத்தனை மணிக்கு, என்ன மனநிலையில் சாப்பிட்டேன் என்று மட்டும் எழுதினால் போதும்.

என் மகளுக்கு 19 வயது. வாங்கி வைக்கும் இனிப்பெல்லாம் மறைந்துவிடுகிறது. அலமாரிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். சரிதானே?

பூட்டைக் கழற்றுங்கள் அம்மா. பூட்டியதால் திருட்டுத்தனமும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். உறவினர் வீட்டுத் திருமணங்களில், “என்ன, பூசினாற்போல் ஆகிவிட்டாள்?” என்று யாராவது கேட்கும்போது நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்களா? அந்தச் சிரிப்பை முதலில் நிறுத்துங்கள். ஒரு வேளையாவது அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். தட்டைப் பார்க்காமல் வேறு கதை பேசுங்கள்.

மாதவிலக்குக்கு முந்தைய வாரம் மட்டும் கண்டதையும் தின்கிறேன். இதுவும் நோயா?

இல்லை. அந்த நாள்களில் ஹார்மோன் மாற்றத்தால் பசி கூடுவது சகஜம். கூடச் சாப்பிடுங்கள்.

திருமணம் நிச்சயமாகிவிட்டது. மூன்று மாதத்தில் எடை குறைக்கச் சொல்கிறார்கள். நிறையச் சாப்பிட்டுவிட்டால் தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுத்துவிடுகிறேன். இது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. இந்தக் கடிதத்தைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். இது புலிமியா என்ற நோயாக இருக்கலாம். அடிக்கடி வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடம் மாறக்கூடும்; வயிற்று அமிலம் பல்லின் மேற்பூச்சை அரித்துவிடும். வாந்தி எடுத்த கையோடு பல் துலக்காதீர்கள், தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மயக்கமோ படபடப்போ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி மையத்தோடு கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். எடை குறைக்கச் சொன்னவர்களிடம், ஆலோசகர் தடுத்துவிட்டார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

இரண்டு வாரம் நன்றாக இருந்தேன். நேற்று இரவு மறுபடியும் அளவில்லாமல் தின்றுவிட்டேன். ஈடுகட்ட இன்று முழுக்கப் பட்டினி இருக்கட்டுமா?

வேண்டாம். இதைப் படிக்கும்போது காலை நேரம் என்றால் போய் டிபன் சாப்பிடுங்கள். பசியில்லாவிட்டாலும் இரண்டு இட்லி.