கண்ணிமைக் கோடும் பக்கத்து வெள்ளைக் கோடும்

வணக்கம் அண்ணா,

பழைய வீடியோக்களைச் சுத்தம் செய்வது பற்றி நீங்கள் எழுதுவதைக் கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன். 1980களில் வந்த ஒரு ஜப்பானிய அனிமேஷன் தொடரின் அமெரிக்க டிவிடி என்னிடம் இருக்கிறது. ரொம்பப் பிடித்த தொடர், அதை நல்லபடியாகக் கோப்பாக மாற்றி வைத்துக்கொள்ள ஆசை. ஆனால் கறுப்புக் கோடு எங்கே இருந்தாலும் பக்கத்திலேயே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு கூடவே ஓடுகிறது. யாராவது கையை வீசினால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி ஆகிறது. சில இடங்களில் ஷாட் மாறும்போது மேலே ஒரு கீற்று மின்னி மறைகிறது.

வீடியோவை ஸ்கிரிப்ட் எழுதித் திருத்தும் வேப்பர்சிந்த் மென்பொருளில், இந்த வெள்ளைக் கோட்டைக் குறைக்கும் டிஹேலோ ஃபில்டர் ஒன்றைப் போட்டேன். வெள்ளைக் கோடு குறைந்தது, கூடவே நாயகியின் கண்ணிமை முடிகளும் கரைந்துவிட்டன. மாஸ்க் போடச் சொன்னார்கள், எட்ஜ் மாஸ்க் போட்டுப் பார்த்தேன். அப்போதும் இமை போகிறது, வெள்ளைக் கோடு பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. மாஸ்க் என்னிடம் வேலை செய்யவில்லை. இதற்குப் பேசாமல் படத்தைப் பெரிதாக்கித் தரும் ஏஐ அப்ஸ்கேலரில் போட்டுவிடலாமா? ஸ்கிரிப்டும் இரண்டு ஃப்ரேம்களும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு ஃப்ரேம்களையும் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். மாஸ்க் வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை செய்திருக்கிறது, ஆனால் நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை. எட்ஜ் மாஸ்க் என்றால் கோடு எங்கே இருக்கிறதோ அங்கே வெள்ளையாக இருக்கும் படம். மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கும் இடத்தில்தான் ஃபில்டர் இறங்கும். அப்படியானால் நீங்கள் ஃபில்டரிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள்? வரைந்தவரின் கறுப்புக் கோட்டை மட்டும் போய்த் தொடு, மற்ற எதையும் தொடாதே என்று. அது சொன்னபடி செய்திருக்கிறது. இமை போனது அதனால்தான், வெள்ளைக் கோடு தப்பித்ததும் அதனால்தான்.

சுவருக்கு பெயின்ட் அடிக்கிறவர் ஜன்னல் ஓரத்தில் டேப் ஒட்டிவிட்டு அடிப்பாரே, மாஸ்க் அந்த டேப்தான். ஃப்ரேம் அளவே உள்ள ஒரு சாம்பல் நிறப் படம், 8 பிட் என்றால் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். 0 இருக்கும் இடத்தில் மூலப்படம் அப்படியே வரும், 255 இருக்கும் இடத்தில் ஃபில்டர் போட்ட படம் வரும், நடுவில் உள்ள எண்களுக்கு இரண்டும் அந்த விகிதத்தில் கலக்கும். மாஸ்க் இவ்வளவுதான், வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. டேப்பை எங்கே ஒட்டுகிறோம் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது, அதற்கு அந்த வேண்டாத கோடு எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

அந்த வெள்ளைக் கோட்டை யாரும் வரையவில்லை. ஃபிலிமிலிருந்து வீடியோவுக்கு மாற்றும்போதோ டிவிடிக்குத் தயாரிக்கும்போதோ படம் பளிச்சென்று தெரியட்டும் என்று ஓரங்களைக் கூர்மையாக்கியிருப்பார்கள். கூர்மையாக்கும் ஃபில்டர் கறுப்பை இன்னும் கறுப்பாக்கும், கூடவே பக்கத்தில் இருக்கும் வெளிச்சத்தையும் தூக்கிவிடும். உங்கள் முதல் ஃப்ரேமில் கன்னத்துக் கோட்டைக் குறுக்காக ஒரு வரி மட்டும் எடுத்து எண்களைப் படித்தேன். கன்னத்தின் வெளிச்சம் 170ஐ ஒட்டி நிற்கிறது, கோட்டை நெருங்கும்போது இரண்டு பிக்சலுக்கு 190க்கு மேல் ஏறுகிறது, உடனே 40க்கு விழுகிறது, அந்தப் பக்கம் போனதும் மறுபடி அதே ஏற்றம். அந்த இரண்டு பிக்சல் மேடுதான் உங்கள் கண்ணை உறுத்துவது, ஒளிவட்டம் (ஹேலோ) என்பது இதைத்தான். ஆக நமக்கு வேண்டியது கோட்டின் மேல் இல்லாமல், கோட்டைச் சுற்றி ஒரு வளையம் போல விழுகிற மாஸ்க்.

செய்வது கஷ்டம் இல்லை. வெளிச்சத் தளத்தை மட்டும் எடுத்து, அதில் ப்ரெவிட் என்ற ஓரம் கண்டுபிடிக்கும் ஃபில்டரைப் போட்டு ஓரங்களைக் கண்டுபிடியுங்கள். 80க்குக் கீழே வருவதெல்லாம் கறுப்பு, 128க்கு மேல் முழு வெள்ளை, நடுவில் சாய்வாக விடுங்கள். இந்த எல்லை எண்களை இதற்குக் கீழே இறக்கினால் அந்த வெள்ளைக் கோட்டின் வெளி ஓரமே ஒரு கோடாகப் பதிவாகிவிடும், அப்புறம் வளையத்துக்கு வளையம் என்று போய்க்கொண்டே இருக்கும். இப்போது கிடைத்ததைக் கோட்டு மாஸ்க் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு ஒரு பிரதி எடுத்து மூன்று முறை விரியுங்கள், ஒவ்வொரு முறையும் எல்லாப் பக்கமும் ஒரு பிக்சல் தடிக்கும். தடித்ததிலிருந்து மெல்லியதைக் கழித்தால் மிச்சம் நிற்பது வளையம். லேசாக ஒரு ப்ளர் கொடுத்தால் எல்லை தெரியாது.

இதோடு கன்னம், கழுத்து, சட்டைக் காலர் எல்லாம் சரியாகிவிடும். இமை மட்டும் ஆகாது.

ஏன் என்றால் இமை முடிகள் ஒன்றுக்கொன்று மூன்று நான்கு பிக்சல் தள்ளித்தான் நிற்கின்றன. இரண்டு முடிகளுக்கு நடுவே இருக்கும் தோல் ஒவ்வொரு முடிக்கும் வளையமாகப் படும், ஃபில்டர் அங்கே இறங்கி அந்த இடைவெளியை இருட்டாக்கும், கடைசியில் இமை ஒரே அப்பலாக ஆகிவிடும். முடிக்கற்றைக்கும் விரல் இடுக்குக்கும் இதே கதிதான். இதற்கு ஒரு வழி இருக்கிறது. கோட்டு மாஸ்க்கை இன்னொரு முறை எடுத்து நாலு பிக்சல் விரித்து, உடனே நாலு பிக்சல் சுருக்குங்கள். தனியாக இருக்கும் கோடு தன் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். நெருங்கி நிற்கும் கோடுகளோ விரியும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சுருக்கினாலும் நடுவில் அடைந்த இடம் திறக்காது. இந்த மாஸ்க்கை வளையத்திலிருந்து கழித்துவிட்டால் இமை இடுக்கு, முடி இடுக்கு எல்லாம் தானாகவே டேப்புக்கு அடியில் போய்விடும். ஃபைன்டிஹேலோ என்ற தயார் ஸ்கிரிப்டில் இந்த ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது, நெருங்கிய கோடுகளை விலக்கும் அந்த அமைப்பை நீங்கள் அணைத்து வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் ஒரு தடவை கையால் கட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன், அப்போதுதான் எந்த எண் எதைச் செய்கிறது என்று விரல் நுனிக்கு வரும். இமை இடுக்கில் கொஞ்சம் வெள்ளை மிஞ்சும். மிஞ்சட்டும், நான் அதை விட்டுவிடுவேன்.

இன்னொன்று, டிஹேலோவில் கறுப்பு ஒளிவட்டத்துக்கும் வெள்ளை ஒளிவட்டத்துக்கும் தனித்தனி வலு உண்டு, இரண்டும் 1 என்றே வைத்திருக்கிறீர்கள். கறுப்புப் பக்கத்தை 0க்கு இறக்குங்கள். அது செல் என்னும் ஒளிபுகும் தாளில் வரைந்த மையைத்தான் தின்னும்.

மாஸ்க் சரியா என்று முடிவுப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, கண் சீக்கிரம் பழகிவிடும். மாஸ்க்கையே வீடியோவாக ஓட விடுங்கள். கறுப்புத் திரையில் வெள்ளை வளையங்கள் மட்டும் நடமாடும், கண் இருக்கும் இடம் கறுப்பாக இருக்க வேண்டும். அப்புறம் மூலப்படத்திலிருந்து முடிவுப் படத்தைக் கழித்து, வித்தியாசத்தைப் பத்து மடங்கு பெருக்கிப் பாருங்கள். அதில் முகத்தின் கோடு திடமாகத் தெரிந்தால் கோட்டைத் தின்றிருக்கிறோம். இரண்டு மெல்லிய இணைகோடுகளும் நடுவில் வெறுமையும் தெரிந்தால் ஒளிவட்டத்தை மட்டும் எடுத்திருக்கிறோம். நான் ஒவ்வொரு எபிசோடுக்கும் இதைச் செய்கிறேன்.

சீப்புப் பல் விஷயத்தில் மாஸ்க்குக்கு இடமே இல்லை. ஃபிலிம் வினாடிக்கு 24 ஃப்ரேம், அமெரிக்க டிவிடி ஏறக்குறைய 30. அதனால் நாலு ஃபிலிம் ஃப்ரேமை ஐந்து வீடியோ ஃப்ரேமாக நீட்டியிருப்பார்கள், அந்த ஐந்தில் இரண்டு ஃப்ரேம்களில் ஒற்றைப்படை வரிகள் ஒரு படத்திலிருந்தும் இரட்டைப்படை வரிகள் அடுத்த படத்திலிருந்தும் வரும். பல் தெரிவது அங்கேதான். வரிகள் எதுவும் தொலையவில்லை, ஜோடி மாறி உட்கார்ந்திருக்கின்றன, சரியான ஜோடியைத் திரும்பச் சேர்த்து மிகையாக இருக்கும் ஒன்றை நீக்கினால் போதும். உங்கள் ஸ்கிரிப்டில் அதற்குப் பதிலாக டிஇன்டர்லேஸ் என்று ஒரு வரி போட்டுவிட்டீர்கள், அது பாதி வரிகளைத் தூக்கி எறிந்துவிட்டு ஊகத்தில் நிரப்புகிறது. அந்த வரியை எடுத்துவிட்டு விஐவிடிசி என்ற ஃபில்டர் தொகுப்பை வையுங்கள், முதலில் ஜோடி சேர்க்கும் விஎஃப்எம், அப்புறம் மிகையை நீக்கும் விடெசிமேட். டிஹேலோ இதற்குப் பிறகுதான் வர வேண்டும், பல் இருக்கும் ஃப்ரேமில் கோட்டு மாஸ்க் போட்டால் ஒவ்வொரு பல்லையும் ஒரு கோடாக எண்ணிக்கொள்ளும்.

ஆனால் இதற்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, நீங்கள் கடிதத்தில் சொல்லவில்லை, எனக்கு இரண்டாவது ஃப்ரேமில் தெரிந்தது. அந்தச் சிவப்பு ஸ்கார்ஃப் ஓரத்தில் சதுரங்கப் பலகை மாதிரி புள்ளிகள் இருக்கின்றன. மாஸ்டர் டேப் காம்போசிட்டாக இருந்திருக்க வேண்டும், நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் போனதால் நிறத்தின் அலை வெளிச்சத்தில் கசிந்திருக்கிறது. இதில் ஒரு அழகான கணக்கு உண்டு. என்டிஎஸ்சி என்ற அமெரிக்க, ஜப்பானியத் தொலைக்காட்சி முறையில் ஒரு வரிக்கு நிற அலை 227.5 சுற்று, ஒரு ஃப்ரேமுக்கு 525 வரி, பெருக்கினால் 119437.5 வரும். அந்த அரைச் சுற்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புள்ளிகள் தலைகீழாகின்றன, வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பு, கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளை. அசையாத இடத்தில் அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களைச் சராசரி எடுத்தால் புள்ளி அப்படியே அழிந்துபோகும், வரைந்தது எதுவும் கலையாது. டீகோம்ப் (TComb) என்ற ஃபில்டர் செய்வது இதைத்தான், அசையும் இடத்தை அதுவே கண்டுகொண்டு ஒதுங்கிவிடும். ஃப்ரேம்களின் வரிசை கலையாத வரைதான் இந்தக் கணக்கு செல்லும், அதனால் ஜோடி சேர்ப்பதற்கு முன்னால், ஸ்கிரிப்டின் முதல் வேலையாக இதை வையுங்கள்.

ஷாட் மாறும்போது மேலே மின்னும் கீற்று ஃபிலிம் ஒட்டின தழும்பு. அந்தக் காலத்து ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்கள் பெரும்பாலும் 16 மிமீ ஃபிலிமில் எடுக்கப்பட்டவை, அதில் படத்துக்கும் படத்துக்கும் நடுவே இடம் குறைவு, ஒரு ஷாட்டை இன்னொன்றோடு பசை வைத்து ஒட்டினால் ஒட்டு படத்துக்குள்ளேயே வந்துவிடும். ஒரு ஷாட்டின் முதல் ஃப்ரேமிலோ கடைசி ஃப்ரேமிலோ மட்டும்தான் இருக்கும். இங்கே அனிமேஷன் நமக்கு உதவுகிறது, ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று ஃப்ரேம் பிடித்து வைப்பதால் பக்கத்து ஃப்ரேமில் அதே படம் கீற்று இல்லாமல் இருக்கும். முழு ஃப்ரேமையும் மாற்றிவிடாதீர்கள், ஃபிலிம் துகள் ஒரு கணம் உறைந்து நிற்பது தெரியும். மேல் ஏழெட்டு வரிகளுக்கு மட்டும் வெள்ளை வைத்த மாஸ்க் ஒன்று ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் வரைந்து, அந்த ஃப்ரேமில் மட்டும் அந்த வரிகளைப் பக்கத்திலிருந்து எடுங்கள். கேமரா நகரும் ஷாட் என்றால் பொருந்தாது, அங்கே விட்டுவிடலாம். வரைந்த மாஸ்க்கை உள்ளே கொண்டுவரும்போது வீடியோவின் 16-235 எல்லைக்குள் அது மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாறிவிட்டால் வெள்ளை 235 ஆகிக் கீற்றில் எட்டு சதவீதம் மிஞ்சும், கறுப்பு 16 ஆகிப் படம் முழுக்க ஆறு சதவீதம் பக்கத்து ஃப்ரேம் கலங்கலாக ஏறும். எங்கே தப்பு என்று தேடித் தேடிக் களைத்துப் போவீர்கள்.

உங்கள் ஸ்கிரிப்டின் கடைசி வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீறல் போக, அடுத்தடுத்த மூன்று ஃப்ரேம்களை ஒப்பிட்டு நடு மதிப்பை எடுக்கும் மீடியன் ஃபில்டர் ஒன்றை எபிசோடு முழுக்கப் போட்டிருக்கிறீர்கள். அது ஒரு ஃப்ரேமில் மட்டும் தோன்றி மறைவதை எல்லாம் அழுக்கு என்று எடுத்துவிடும். நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரு படத்தைச் சுத்தம் செய்து முடித்து மூன்று நாள் கழித்து ஓட விட்டுப் பார்த்தேன், ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு வெறும் வானத்தின் கீழே நடந்து போகிறாள். மழையைக் காணோம். அந்தக் காட்சியில் மழை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புதிதாக வரைந்த மெல்லிய வெள்ளைக் கோடுகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு ஃப்ரேம் இருந்துவிட்டுப் போவது, கீறலுக்கும் அதற்கும் கணக்கில் எந்த வித்தியாசமும் இல்லை. யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு துளியாக வரைந்த மழையை நான் அழித்துவிட்டேன் என்பது இன்றைக்கு நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. அன்றிலிருந்து இந்த வகை ஃபில்டரைக் கீறல் கண்ணால் பார்த்த ஷாட்டுக்கு மட்டும், ஃப்ரேம் எண் குறித்துத்தான் போடுகிறேன். அதோடு, ஃபிலிம் ஓடும்போது உரசி மேலிருந்து கீழாக விழும் நெடுங்கோடு பல ஃப்ரேம்களுக்கு ஒரே இடத்தில் நிற்கும், மீடியன் அதைத் தொடக்கூடத் தொடாது. அதற்கு டிஸ்க்ராட்ச் என்ற ஃபில்டர் தனியாக இருக்கிறது.

ஏஐ அப்ஸ்கேலர் பற்றிக் கேட்டீர்கள். இந்த நிலையில் வேண்டவே வேண்டாம். ஒளிவட்டம் பிழை என்று அதற்குத் தெரியாது, கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், அதையும் திருத்தமாக, நறுக்கென்று வரைந்து கொடுத்துவிடும். இப்போது இரண்டு பிக்சல் மங்கல் மேடாக இருப்பது அப்போது வரைந்த கோடாகவே ஆகிவிடும், அதற்குப் பிறகு எந்த மாஸ்க்காலும் பிரிக்க முடியாது. பெரிதாக்க ஆசை இருந்தால் இதெல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த இமை ஷாட்டை மட்டும் ஐம்பது ஃப்ரேம் வெட்டி எடுத்து வேலை செய்யுங்கள். அதன் வளைய மாஸ்க்கையும், பத்து மடங்கு பெருக்கிய வித்தியாசப் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், விரிப்பதை இன்னும் ஒரு பிக்சல் கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன். மூல டிவிடி கோப்பை எங்காவது பத்திரமாக வையுங்கள், சுத்தம் செய்தது நன்றாக வந்துவிட்டது என்று அழித்துவிட வேண்டாம்.

அன்புடன்